மலை தாண்டி வந்த கூரை

போன வாரம் கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது மாலை நேரத்தில் அந்தப் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கு முன்னால் தகரம் ஏற்றிய லொறி ஒன்று போய்க்கொண்டிருந்தது. வளைவுகளில் அதை முந்தவும் முடியவில்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த தகரங்களின் நுனி ஒவ்வொரு குழியிலும் மேலும் கீழும் ஆடி, 'வொய்ங்... வொய்ங்...' என்று கத்தியது. கண்டக்டர் திட்டினார். என் பக்கத்தில் கூடை நிறைய லீக்ஸ் வைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

"என்னா மிஸ், சிரிக்கிறீங்க? எனக்குத் தல வெடிக்குது" என்றார். சேலையையும் தோள்பையையும் பார்த்தாலே எங்கள் பக்கத்தில் டீச்சர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

"இந்தச் சத்தத்த நான் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்திருக்கேங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, லீக்ஸ் கூடையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் எங்களிடம் ஒரு மாணவர் குழு இருந்தது. விடுமுறை வந்தால் எங்காவது ஒரு சின்னப் பாடசாலைக்குப் போய்ச் சுவர் எழுப்புவோம், மேசை செய்வோம், சுண்ணாம்பு அடிப்போம். கடைசி நாளில் பக்கத்தில் இருக்கும் மலையில் ஏறுவோம். பாதிப் பேர் பாடசாலைக்காக வருவார்கள், பாதிப் பேர் மலைக்காக வருவார்கள். சாப்பாட்டுக்காக வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன்.

அந்த வருடம் எங்கே போவது என்று பேச்சு வந்தபோது நான் கையைத் தூக்கினேன். டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தைச் சொன்னேன். அதன் மேல்பிரிவில் ஒற்றை அறைப் பாடசாலை ஒன்று இருந்தது. இரண்டாம் வகுப்புவரைதான். மூன்றாம் வகுப்புக்கு மலையிறங்கி, மானாப்புல் காட்டுக்குள் நடந்து, ஆற்றைக் கடந்து கீழ்ப்பிரிவுப் பாடசாலைக்குப் போகவேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகும். தாய்மார் பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவைப்பார்கள். ஒரு மாதம் நின்ற பிள்ளை வீட்டு வேலை பழகிவிடும். தம்பியைத் தூக்கப் பழகிய இடுப்பு பிறகு புத்தகப்பை பக்கம் திரும்பாது. என்னோடு முதலாம் வகுப்பில் இருந்த பெண்பிள்ளைகளில் நான் மட்டும்தான் மேலே படித்தேன். கெட்டிக்காரியாக இருந்ததால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் என் அப்பா என்னைத் தோளில் வைத்து ஆற்றைக் கடந்து அக்கரையில் இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் பெரட்டுக்கு ஓடுவார். பெரட்டு என்றால் தெரியுமல்லவா? காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பது. பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிடுவார். அப்பா பல நாள் திரும்பி வந்திருக்கிறார். ஒருநாள்கூட என்னை அனுப்பாமல் இருந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கீழே ஒரு ஈரத் தோள் இருக்கிறது.

இப்போது இரண்டாவது அறை ஒன்றைக் கட்டிக் கூரை போட்டுவிட்டால், ஒரு ஆசிரியரை நியமித்து மூன்றாம் வகுப்பை மேலேயே நடத்தலாம் என்று கல்விக் கந்தோர் அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். தவணை தொடங்கும் நாளில் கூரை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த நியமனம் வேறு பாடசாலைக்குப் போய்விடும். அத்திவாரமும் அரைச் சுவரும் தோட்டத்து ஆட்களே போட்டிருந்தார்கள். மீதிக்குத்தான் நாங்கள்.

வந்து இறங்கினோம். எங்கள் தலைவன் கஜன் யாழ்ப்பாணத்துப் பையன். பனையைவிட உயரமான எதையும் பார்க்காமல் வளர்ந்ததாலோ என்னவோ, மலை என்றால் பைத்தியம். எங்கள் பாடசாலைக்குப் பின்னால் மாடசாமி மலையைக் கண்டதும் கையில் இருந்த சீமெந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"உதில ஏறாமல் நான் ஊருக்குப் போகமாட்டன்" என்றான்.

"மொதல்ல சட்டியத் தூக்குங்க தம்பி" என்றார் சுவர் கட்ட வந்திருந்த மேசன்பாஸ்.

என் அறைத்தோழி தில்ருக்ஷி மாத்தறைக்காரி. கடல் மட்டத்தில் பிறந்தவள். முதல் நாள் காலையில் அட்டை கடித்ததற்கு அவள் போட்ட சத்தத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து நாய்கள் எல்லாம் வந்துவிட்டன. மூன்றாம் நாள் அவளே சவர்க்காரக் கட்டியோடு நின்று மற்றவர்களின் அட்டைகளை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் இந்த ஊர்க்காரி. ஆகவே எல்லாம் தெரிந்தவள்போல நடந்துகொண்டேன். எந்தப் பறவை கத்தினாலும் பெயர் சொன்னேன். பாதிப் பெயர்கள் அந்த நேரத்தில் பிறந்தவை.

சுவர் எழுந்தது. ஈரச் சீமெந்தின் வாசனையும், அம்மாவும் மற்றப் பெண்களும் கொண்டுவரும் சுடுரொட்டி, கட்டசம்பல் வாசனையும் சேர்ந்தால் இன்றைக்கும் எனக்குப் பசிக்கும். எங்கே வீடு கட்டினாலும் நான் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுப்பதைப் பார்த்தால் தவறாக நினைக்காதீர்கள்.

பிறகு மழை வந்தது. மழை நின்றபோது எங்கள் தோட்டத்து ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ஹட்டனிலிருந்து தகரம் ஏற்றிவந்த லொறியால் வரமுடியவில்லை. அன்று பின்னேரம் அம்மாவின் போனுக்கு மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார்.

"தங்கச்சி, ஒங்க பள்ளிக்கூடத்துத் தகரம் பூரா எங்க கொழுந்து நிறுக்கிற மடுவத்துல கெடக்கு! லொறிக்காரன் சுத்திச் சுத்திப் பாத்துட்டு இங்க எறக்கிட்டுப் போயிட்டான். என்னா செய்ய?"

மண்ணை அள்ளி ரோட்டைத் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். தவணைக்கு அவ்வளவு நாள் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மலையேற்ற நாள். நாங்கள் எல்லோரும் கூரையில்லாத அந்த அறைக்குள் குந்தியிருந்தோம். மேலே பார்த்தால் வானம். யாரும் மலையைப் பற்றிப் பேசவில்லை. கஜன்கூடப் பேசவில்லை. எனக்கு அந்த ஆறுதான் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா ரொட்டிச் சட்டியை வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"ஏன் எழவு வீடு மாதிரி இருக்கீங்க? தகரம் மலைக்கு அந்தப் பக்கந்தானே கெடக்கு? நாளைக்கு மலை ஏறத்தானே போறீங்க? அப்படியே போயி தூக்கிட்டு வந்தா போச்சு."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு கஜன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். "பாதை இருக்கோ அம்மா?"

"தேயிலைக்கு மேல எனக்குத் தெரியாது தம்பி. அந்தக் காலத்துல கல்யாணப் பொண்ணுங்களையெல்லாம் அந்த வழியாத்தான் கூட்டிட்டு வந்தாங்களாம். பொண்ணு வந்த வழியில தகரம் வராதா?"

காலையில் பாடசாலை வாசலில் நாங்கள் மட்டும் நிற்கவில்லை. லயத்துப் பெண்களும் ஆண்களும் தலையில் முக்காட்டோடும், கையில் கயிறோடும் வந்திருந்தார்கள். தகர விளிம்பு கையை வெட்டாமல் இருக்க, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளையும் கொண்டுவந்திருந்தார்கள். அப்பா, பாஸோடு நின்று மரச்சட்டம் ஏற்றுவதாக ஏற்பாடு. எல்லோரும் கச்சமுச்சவென்று பேசிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு கல்லின்மேல் ஏறி நின்றார்.

"சத்தம் போடாதீங்க! நெரையா நில்லுங்க! இன்னிக்கி நாந்தான் கங்காணி. பெரட்டுல பேசுனா அரைப்பேருதான்!"

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். லயத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு காலையும் பெயர் கூப்பிடப்பட்டே பழகிய அம்மா, அன்றைக்குத்தான் பெயர் கூப்பிட்டார். உயரத்துக்கு உயரம் பார்த்து ஒரு கெம்பஸ் பிள்ளை, ஒரு தோட்டத்து ஆள் என்று சோடி சேர்த்தார்.

"அம்மா, நான் லீடர். எனக்குச் சோடி வேணுமோ?" என்றான் கஜன்.

"லீடருன்னா தகரம் தானா நடந்து வருமா? இந்தா, நீ நம்ம ராக்கம்மாகூட. ராக்கம்மா, தம்பியப் பாத்துக்க, மேல பாத்துக்கிட்டே நடக்கும்."

தில்ருக்ஷியின் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு, "கடல் புள்ள" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து குழுவில் அவளுக்கு அதுதான் பெயர். கடைசியில் என்னைப் பார்த்தார். "நீ எங்கூட வா. ஒன்ன யாரும் சேத்துக்கமாட்டாங்க."

அவர் சொன்னது சரிதான் என்பது தேயிலை முடிவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. விடுதிச் சாப்பாட்டிலும் நூலக நாற்காலியிலும் வளர்ந்த என் கால்கள், ஊர்க்காரி என்ற என் வாய்ப்பேச்சுக்குக் கொஞ்சமும் துணை வரவில்லை. முதலில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது நான்தான். "இங்க நின்னு பாத்தாத்தான் காட்சி நல்லா இருக்கும்" என்று சொல்லி நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். நான்காவது இடத்தில் பனிமூட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை.

கடைசித் தேயிலைச் செடியில் அம்மா ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டார். மலையின் கழுத்தில் ஒரு கல் நட்டிருந்தது. மாடசாமி. கொழுந்தை அதன் காலடியில் வைத்து, "பொலி... பொலி..." என்றார். காலையில் மலையில் பறிக்கத் தொடங்கும்போது முதல் கொழுந்தைக் கூடையில் போட்டுச் சொல்வது அது. கூடை நிறையட்டும், பெருகட்டும் என்று. பெண்கள் எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். கெம்பஸ் பிள்ளைகளும் சொன்னார்கள். கஜன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

அப்போது பனி விலகியது. அந்தப் பக்கம் தெரிந்தது. அம்மா இரண்டடி முன்னால் போனார்.

"ஏ புள்ள... அந்தா, அது எங்க கோயிலு! அந்தச் செவப்புத் தகரம், அது எங்க லயம்! நான் பொறந்த லயம்டி!"

அம்மா தாய் வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பஸ் மாறி, அரைநாள் சுற்றி, வாந்தி எடுத்துத்தான் போவார். அதனாலேயே வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு மட்டும். இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் பாடசாலையின் மொட்டைச் சுவர். அந்தப் பக்கம் திரும்பினால் அவர் பிறந்த வாசல். மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தன நாளும் இந்தா இருந்துச்சா? ஒங்கப்பன் தூரம் தூரம்னு சொல்லியே என்னய ஏமாத்திட்டாரு. இருக்கட்டும், எறங்கிப் போயி வச்சுக்கிறேன்!"

சொல்லிவிட்டு அவ்வளவு சிரித்தார். அம்மாவின் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு முன் அவர் அவ்வளவு பெரிதாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாமா கத்தியோடு பாதையை வெட்டிக்கொண்டு பாதி வழிக்கு வந்திருந்தார். "வா மருமகளே! தகரத்துக்கு நாந்தான் காவலு. பன்னி வந்து மோந்து பாத்துச்சு, திங்கிற சாமான் இல்லன்னு போயிருச்சு." கீழே மடுவத்தில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தபோது, தில்ருக்ஷியிடம் மட்டும் சிங்களத்துக்கு மாறி, "நங்கி, தே பொமு" என்று பிளேன்டீயை நீட்டினார். அவள் தமிழில், "மாமா, எனக்கு ரெண்டு கப் வேணும்" என்றாள். மாமா ஊரையே கூப்பிட்டு அதைச் சொன்னார்.

ஏறும்போது வெறுங்கை. திரும்பும்போது சோடிக்கு ஒரு தகரம். பத்தடித் தகரம் கனம் என்று சொல்லமுடியாது. ஆனால் அதற்குச் சொந்தமாக ஒரு புத்தி இருக்கிறது. முன்னால் இருப்பவர் இடது பக்கம் திரும்பினால் அது வலது பக்கம் போக ஆசைப்படும். எல்லாத் தகரமும் சேர்ந்து 'வொய்ங் வொய்ங்' என்று பாடிக்கொண்டு மலை ஏறியது. முன்னால் போகிறவர் "கல்லு!" என்பார். பின்னால் வருகிறவர் "கல்லு!" என்பார். அந்தச் சொல் வரிசையின் கடைசிவரை போய்ச் சேரும்.

மாடசாமி கல்லுக்குப் பக்கத்தில்தான் காற்று எங்களைப் பிடித்தது. கஜனும் ராக்கம்மாவும் பிடித்திருந்த தகரம் ஒரு பக்கமாக எழும்பியது. கஜன் விடவில்லை. அவனும் எழும்பிவிடுவான்போல இருந்தது. ராக்கம்மா ஒரு கையால் தகரத்தையும் மறுகையால் அவன் கழுத்துப்பட்டியையும் பிடித்தார்.

"படுங்க!" என்று அம்மா கத்தினார். "எல்லாரும் தகரத்து மேல படுங்க!"

படுத்தோம். மலையின் கழுத்தில், சோடிக்கொரு தகரத்தில், குப்புற. எங்கள் கூரை ஆற்றுக்குள் பறந்துபோகாமல் இருக்க எங்கள் உடம்புதான் ஆணி. எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு எங்கிருந்தோ கஜனின் குரல் வந்தது.

"அம்மா, இதுக்கும் அரைப்பேரோ?"

மலையே சிரித்ததுபோல இருந்தது. காற்று கொஞ்சம் அடங்கியதும், விளிம்பைக் காற்றுக்குக் காட்டி, ஒவ்வொரு சோடியாக அந்தக் கழுத்தைக் கடந்தோம்.

இறங்கும்போது மழை. தகரத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டோம். அதைவிடப் பெரிய குடை உலகத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது. முன்னால் அம்மா, பின்னால் நான். எனக்கு அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மழைச் சத்தத்துக்குமேல் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"கொழுந்துக் கூட தூக்கக் கூடாதுன்னுதானே ஒன்னயப் படிக்க வச்சோம்! கடைசியில தகரம் தூக்குற!"

"ஒரு நாளைக்குத்தானேம்மா!"

"ஒரு நாளைக்குன்னுதான் நானும் கூடைய மாட்டுனேன்!"

நான் தகரத்தைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் பிடித்தேன். கொஞ்ச தூரம் போனபின் அவரே, "வழுக்குது, பாத்து வா தாயி" என்றார்.

கீழே பிள்ளைகள் எல்லாம் மழையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பனிக்குள்ளிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு ரயில் இறங்கி வந்ததாம். அப்பா ஓடிவந்தார்.

"தல இல்லாம காலா வருதே! இதுல எம் பொண்டாட்டி எது?"

"கால வச்சுக் கண்டுபுடிங்க!" என்று தகரத்துக்குள்ளிருந்து அம்மா கத்தினார். "தூரமாமில்ல தூரம்! மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க!"

கதவுக்கு அடித்த நீலப் பெயின்ட் கொஞ்சம் மீந்திருந்தது. மறுநாள் தகரங்களை ஏற்றுவதற்கு முன், தூக்கி வந்தவர்களின் பெயர்களை உட்பக்கத்தில் எழுதலாம் என்றாள் தில்ருக்ஷி. சிங்களத்திலும் தமிழிலும் எழுதினோம். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதினேன். முதல் தகரத்தில், பெரிய எழுத்தில், செல்லாயி. அதற்குப் பக்கத்தில் என் பெயர்.

"இதா எம் பேரு?" என்று அம்மா விரலால் தொட்டார். பெயின்ட் காயவில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு விரல் பதிந்தது. அழிக்கப் போன பாஸை நான் தடுத்தேன். அந்தத் தகரத்தைத்தான் முதலில் ஏற்றினோம். ஆணி அடிக்கும்போது கீழே நின்ற எல்லோரும் "பொலி! பொலி!" என்றார்கள்.

தவணை தொடங்கியது. ஆசிரியர் வந்தார். அந்த வருடம் மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளைகளில் ஒன்றுகூட ஆற்றில் கால் வைக்கவில்லை.

இதெல்லாம் அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது நான் கொட்டகலையில் கணிதம் படிப்பிக்கிறேன். இந்த வருடம் உயர்தர வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளில் திவ்யா என்று ஒருத்தி. முதல் நாள் என் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் முடிந்ததும் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"மிஸ், நீங்கதானே செல்லாயிக்குப் பக்கத்துல இருக்கிறவங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்க பள்ளிக்கூடத்துக் கூரையில மிஸ். மழ பேஞ்சா தகரத்துச் சத்தத்துல சேர் பேசுறது கேக்காது. அவரு பாடத்த நிப்பாட்டிருவாரு. நாங்க மேல பாத்துக்கிட்டு பெரட்டு வெளையாடுவோம். ஒருத்தி பேரு கூப்புடுவா, நாங்க 'இருக்கேன்'னு சொல்லுவோம். செல்லாயி, அப்புறம் நீங்க, அப்புறம் ராக்கம்மா, கஜன், கடல் புள்ள..." கண்ணை மேலே உருட்டிக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டே போனாள். "செல்லாயி கிட்ட ஒரு வெரல் அடையாளம் இருக்குமே மிஸ். அது யாரோடது?"

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தன் விரலைப் பார்த்துவிட்டு, "தெனமும் நான் பெரட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லு" என்றார். முகத்தில் கங்காணிக் களை.

எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் இன்று மேல்மாடி இருக்கிறது. சீமெந்துத் தட்டு, வெள்ளைக் கூரைப்பலகை. எவ்வளவு மழை பெய்தாலும் பாடம் நிற்பதில்லை. நல்லதுதான். ரோடு நன்றாக இருப்பதால் மாடசாமி மலைப் பாதையில் யாரும் போவதில்லை, மானாப்புல் மூடிவிட்டது. அம்மா மறுபடியும் இரண்டு பஸ் மாறித்தான் தாய் வீட்டுக்குப் போகிறார். கஜன் கனடாவில். பனிமலைப் படங்களை அனுப்பி, "இதெல்லாம் மலையே? காத்தே இல்லை" என்று எழுதுகிறான். கடல் புள்ள மாத்தறையில் தமிழ் படிப்பிக்கிறாள்.

பழைய தகரங்களைக் கழற்றியபோது லயத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்களாம். நான் கேள்விப்பட்டுப் போவதற்குள் எல்லாம் போய்விட்டன. செல்லாயி எந்த வீட்டுக்குப் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் தேடவுமில்லை. மழை பெய்யும்போது, எங்கோ ஒரு கூரையின் கீழே மல்லாந்து படுத்து, எழுத்துக் கூட்டப் பழகும் ஒரு பிள்ளை அந்த நீலப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன்.